வெடியுப்பு அறிந்த கைக்கு வடதுருவம் எட்டாதா?

ஆர்க்டிக்கில் வேலை இருக்கிறது. சம்பளத்தோடு இருக்கிறது. அந்த வேலைக்கு விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். இதைப் படித்ததும் உன் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்ததே, அந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை.

"வெயில்ல பொறந்து வெயில்ல வளந்தவுக நாம. நமக்கெதுக்குப்பா பனியும் கரடியும்?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்புறதா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளை எங்கேயாவது போய் ஏமாந்துவிடக் கூடாதே என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் அந்தப் பயத்தைப் பூர்வீகச் சொத்து மாதிரி உன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ளாதே!

1922-ஐ நினைத்துப் பார். இதே சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து 1923-இல் ஊரில் ஆலை தொடங்கினார்கள். வானம் பார்த்த கரிசல் பூமி, அடிக்கடி ஏமாற்றும் மழை, கையில் வேறு பிழைப்பு இல்லை. "அதெல்லாம் வங்காளத்துக்காரன் வேலை" என்று அவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் இன்று தீப்பெட்டி ஏது, பட்டாசு ஏது, தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் தொங்கும் காலண்டர் ஏது? தூரதேசம் போய்த் தொழில் கற்று வருவது உன் ஊரின் ரத்தத்தில் இருக்கிறது. நடுவில் நீ மறந்துவிட்டாய், அவ்வளவுதான்.

இடத்தைத் தெரிந்துகொள். நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். அதில் நீ-ஓலசுண்ட் என்று ஒரு சிற்றூர். வடதுருவத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தூரம். 2007-இல் இந்தியாவின் முதல் ஆய்வுக் குழு அங்கே போனது. 2008 ஜூலை 1-ஆம் தேதி 'ஹிமாத்ரி' என்ற நம் ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. 2023 டிசம்பரில் தொடங்கி, சூரியனே எட்டிப் பார்க்காத குளிர்காலத்திலும் இந்திய ஆய்வாளர்கள் அங்கே தங்கி வேலை செய்கிறார்கள். 2014 ஜூலையில் அங்குள்ள கடல்நீரேரியில் 192 மீட்டர் ஆழத்தில் 'இண்ட்ஆர்க்' என்ற கண்காணிப்புக் கருவித் தொகுதியை இறக்கினார்கள். அதற்கு உழைத்த நிறுவனங்களில் ஒன்று எங்கே இருக்கிறது தெரியுமா? சென்னை பள்ளிக்கரணையில்! தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். பள்ளிக்கரணையின் உழைப்பு துருவக் கடலுக்குள் இறங்கிப் பத்து வருடம் தாண்டிவிட்டது. நீ இன்னும் சிவகாசி பைபாஸைத் தாண்டத் தயங்குகிறாய்.

இன்னொரு செய்தியும் கேள். 1920-இல் பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் உடன்படிக்கையில் அன்றைய இந்தியாவும் இருக்கிறது. உறுப்பு நாட்டுக் குடிமக்கள் அந்தத் தீவில் தங்கவும் தொழில் செய்யவும் அந்த உடன்படிக்கை சம உரிமை தருகிறது. நார்வே வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் ஷெங்கன் விசா தேவைப்படும். ஆனால் தீவுக்கென்று தனி விசா கிடையாது. நீ அங்கே வேண்டாத விருந்தாளி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த நீ-ஓலசுண்ட் எப்படி ஆய்வு ஊரானது? அது ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். ஒரே தொழிலை நம்பி வாழ்ந்த ஊர். 1962 நவம்பரில் சுரங்கத்துக்குள் வெடி விபத்து, 21 தொழிலாளர்கள் செத்துப் போனார்கள். அதோடு சுரங்கத்தை மூடினார்கள். பிறகு அதே ஊர்க் கட்டடங்களில் விஞ்ஞானிகள் குடியேறினார்கள். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் கரும்புகை எழுந்ததை நீ பார்த்திருக்கலாம், இல்லையென்றால் உன் அம்மா சொல்லக் கேட்டிருப்பாய். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன நாள் அது. வெடிச்சத்தம் கேட்டதும் "யாரு ஆபீஸ்ல?" என்று தெருவே வாசலுக்கு ஓடி வருமே, அந்தப் பதைப்பு நீ-ஓலசுண்டுக்கும் தெரிந்ததுதான்.

இப்போது உன் தகுதிக்கு வருகிறேன். பயர் ஆபீஸ் என்று நாம் சொல்லும் பட்டாசு ஆலையின் வாசலில் கைபேசியை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பில் தங்கிய மின்னூட்டம் இறங்க, தரையோடு இணைத்த செப்புத் தகட்டைத் தொட வேண்டும். இரும்புக் கருவி ஆகாது, உராய்வு ஆகாது, அளவுக்கு மேல் மருந்தை அறையில் வைத்திருக்கக் கூடாது. நீ-ஓலசுண்டிலும் வைஃபை, புளூடூத் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அங்குள்ள நுண்ணிய வானலைக் கருவிகளின் அளவீடு கெட்டுவிடும். ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடிக்கான பாதுகாப்பும் பயிற்சியும் இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. "விதியை மீறினால் உயிர் போகும்" என்று பட்டணத்துப் பையனுக்கு அங்கே போய்ப் பாடம் எடுக்க வேண்டும். உனக்கு அந்தப் பாடத்தை யாரும் எடுக்க வேண்டியதில்லை!

வேதியியலையும் பார். மத்தாப்பில் பச்சைக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்குச் சோடியம். இதை நீ பள்ளிக்கூடத்துக்கு முன்பே வீட்டுத் திண்ணையில் கேட்டிருப்பாய். காற்றில் மிதக்கும் நுண்துகள்களை வடிதாளில் பிடித்து, அதில் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் எவ்வளவு என்று பார்த்து, "இது வாணவேடிக்கைப் புகை" என்று கண்டுபிடிக்கிறார்கள் வளிமண்டல ஆய்வாளர்கள். தெற்கே எரியும் விறகு, டீசல், காட்டுத்தீயின் கரித்துகள் வடக்கே பயணம் செய்து பனிமேல் படிகிறது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், கறுத்த பனி வெயிலைக் குடிக்கும், உருகும். 1979-க்குப் பின் ஆர்க்டிக் உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது என்று 2022-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. ஆர்க்டிக் பனிக்கும் நம் பருவமழைக்கும் என்ன தொடர்பு என்று தேடுவது இந்தியாவின் துருவ ஆய்வு நோக்கங்களில் ஒன்று. மழை பெய்தால் மருந்து காயாது, மருந்து காயாவிட்டால் கூலி இல்லை. மழை எப்போது வரும் என்ற கேள்வி உன் வீட்டு அடுப்போடு சம்பந்தப்பட்டது. அதை விஞ்ஞானக் கேள்வியாகக் கேட்க உனக்கில்லாத உரிமை யாருக்கு?

"நான் பி.ஏ., சமூகவியல். எனக்கென்ன ஆர்க்டிக்?" என்கிறாயா? உனக்காகத்தான் இதைக் கூடுதலாகச் சொல்கிறேன். ஆர்க்டிக் என்றால் வெறும் பனி என்று நினைப்பது பாதி அறிவு. அங்கே நாற்பது லட்சம் பேரளவில் மனிதர்கள் வாழ்கிறார்கள். கலைமான் மேய்க்கும் சாமி மக்கள், கடல் வேட்டையாடும் இனுவிட் மக்கள், சுரங்கத் தொழிலாளர்கள், மீனவர்கள். ஸ்வீடனின் கிருனா நகரம் இரும்புச் சுரங்கத்தால் தரை தளர்ந்து, ஊரையே பெயர்த்து வேறிடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது. 1912-இல் கட்டிய மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் அப்படியே வண்டியில் ஏற்றி நகர்த்தினார்கள். ஸ்வால்பார்டில் நார்வேயின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2025-இல் மூடப்பட்டது. தொழில் போன பிறகு ஊர் என்ன ஆகும்? இளைஞர்கள் எங்கே போவார்கள்? நிவாரணம் யார் கைக்குப் போகிறது? இவையெல்லாம் அங்கே சம்பளம் கொடுத்து ஆராயப்படும் கேள்விகள். இதற்கென்றே சர்வதேச ஆர்க்டிக் சமூக அறிவியல் சங்கம் 1990-லிருந்து இயங்குகிறது. ஃபின்லாந்தின் ரோவனியெமியில் லாப்லாந்து பல்கலைக்கழகத்துக்குள் ஓர் ஆர்க்டிக் மையமே இருக்கிறது.

இந்தக் கேள்விகள் உனக்குப் புதிதல்ல. 2018 அக்டோபரில் பட்டாசு பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பேரியம் உப்புக்குத் தடை, சரவெடிக்குத் தடை. அதையடுத்து மாதக்கணக்கில் ஆபீஸ்கள் பூட்டிக் கிடந்தன. அந்த மாதங்களில் உன் தெருவில் எந்த வீட்டுத் தோடு அடகுக் கடைக்குப் போனது, யார் மகள் கல்லூரியை விட்டு நின்றாள், யார் திருப்பூருக்கு ரயிலேறினார்கள் என்று உனக்குத் தெரியும். திரி கிள்ளும் பெண்ணுக்குக் குரோஸ் கணக்கில் கூலி எப்படிக் குறைகிறது என்பதும் தெரியும். ஒரு தொழில் ஊரைத் தாங்குவதையும் அதே தொழில் ஊரை நசுக்குவதையும் ஒரே வீட்டில் பார்த்து வளர்ந்தவள் நீ. கிருனாவின் சுரங்கத் தொழிலாளி வீட்டில் உட்கார்ந்து எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது உனக்குச் சொல்லாமலே விளங்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்தப் பார்வைக்குக் காசு கொடுத்துக் களப்பணிப் பயிற்சி நடத்துகின்றன!

பெண் போகலாமா என்பவர்களுக்கு ஒரே பதில்தான். சுதீப்தா சென்குப்தாவும் அதிதி பந்த்தும் 1983-லேயே அண்டார்க்டிகாவுக்குப் போய்விட்டார்கள். இஸ்ரோவின் மங்கள மணி 56 வயதில் அங்குள்ள பாரதி நிலையத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கினார். உங்கள் மகளுக்கு இருபத்திரண்டு வயது. தடுக்காதீர்கள்.

சரி, வழி என்ன? இயற்பியல், வேதியியல், விலங்கியல், நுண்ணுயிரியல், புவியியல், கணினி, சமூகவியல், பொருளியல் எதுவானாலும் முதுகலையை ஒழுங்காக முடி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆய்வு செய்யலாம். கோவாவின் வாஸ்கோடகாமாவில் உள்ள தேசியத் துருவ, கடல் ஆய்வு மையம்தான் ஹிமாத்ரியை நடத்துகிறது. திட்ட விஞ்ஞானி பணியிடங்களை அவ்வப்போது அறிவிக்கும், ஆர்க்டிக் ஆய்வுத் திட்டங்களைப் பல்கலைக்கழகங்களிடமிருந்தும் கேட்கும். கடலை அறிய ஆசையென்றால் தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஒன்று பக்கத்து மாவட்டம், இன்னொன்று ஒரு ராத்திரிப் பஸ் பயணம்.

நார்வேயில் முனைவர் பட்ட ஆய்வாளர் என்றால் மாணவர் அல்ல, மாதச் சம்பளம் வாங்கும் ஊழியர். 'ஜாப்நார்ஜ்', 'யூராக்ஸஸ்' இணையதளங்களில் அந்த இடங்களை விளம்பரம் செய்கிறார்கள். விண்ணப்பக் கட்டணம் இல்லை. எவனாவது "நார்வேல வேலை, ரெண்டு லட்சம் கட்டு" என்று வந்தால் அவன் மோசடிக்காரன், வாசலோடு திருப்பி அனுப்பு. நம் மாவட்டத்தில் ஏஜென்டிடம் நிலத்தை விற்றுக் கொடுத்து நொந்தவர்கள் போதும்.

எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஓர் இடத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் வருவார்கள். நம் நாட்டுத் திட்டப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, பென்ஷன் கனவு காண முடியாது. முதல் விண்ணப்பம் திரும்பும், இரண்டாவதும் திரும்பலாம். அதற்கென்ன? புஸ்வாணம் ஒன்று சீறாமல் போனால் பெட்டியையே தூக்கி எறிகிறோமா? தமிழ் மீடியம், ஆங்கிலம் வராது என்ற பழைய பல்லவியும் வேண்டாம். ஆய்வுக்கு வேண்டிய ஆங்கிலம் பேச்சுப் போட்டி ஆங்கிலம் இல்லை. அளந்ததை, கேட்டதை, தெளிவாக எழுதும் ஆங்கிலம். ஓராண்டு தினமும் ஓர் ஆய்வுக் கட்டுரை படித்தால் வரும்.

காத்திருக்கத் தேவையும் இல்லை. ஆர்க்டிக் கடல்பனியின் செயற்கைக்கோள் கணக்கு 1979-லிருந்து இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. 2012 செப்டம்பரில் பனிப்பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியதே, அந்த வளைகோட்டை உன் கல்லூரிக் கணினி அறையில் உட்கார்ந்து நீயே வரையலாம். வரைந்து பார்த்துவிட்டு, சமூகவியல்காரி என்றால் உன் தெருவில் இருபது வீட்டின் கதையைக் கேட்டு எழுதிவிட்டு, நார்வேயின் ட்ரோம்ஸோவிலோ ரோவனியெமியிலோ கோவாவிலோ உள்ள ஓர் ஆய்வாளருக்குப் பத்து வரியில் மின்னஞ்சல் எழுது. நான் யார், எதைச் செய்திருக்கிறேன், உங்கள் ஆய்வில் எது எனக்குப் பிடிக்கிறது என்று எழுது. கெஞ்சாதே, புகழாதே. பெயருக்குக் கீழே சிவகாசி என்றோ சாத்தூர் என்றோ வெம்பக்கோட்டை என்றோ ஊர்ப் பெயரைக் கூச்சமில்லாமல் போடு. இந்த வாரத்துக்குள் அனுப்பு.