உத்தரவாதம் யாருக்கு?

விற்ற பொருளுக்கு உத்தரவாதம் அளிக்கும் உற்பத்தியாளன் யாருக்குக் கடமைப்படுகிறான்? வாங்கியவனுக்கு என்பதே வணிக உலகின் விடை. கடிகாரம் ஓடாவிட்டால் நட்டம் அதன் சொந்தக்காரனுக்கே; ஆதலால் அவ்விடை போதுமானதாகத் தோன்றலாம். துப்பாக்கி பழுதுற்றாலோ, அதனோடு எவ்வகைக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத மூன்றாமவனே உயிரிழக்க நேரலாம்.

அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் மலிவான சிறு கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தது. அவற்றின் உள்நாட்டு உற்பத்தியைத் தடுக்கவில்லை. அந்த இடைவெளியில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ மலிவுத் துப்பாக்கித் தொழிற்சாலைகள் பெருகின. 1972 இல் நுகர்பொருட் பாதுகாப்புக்கென மத்திய ஆணைக்குழுவை நிறுவிய சட்டமும் துப்பாக்கிகளை அதன் அதிகாரத்துக்கு வெளியே விட்டது. ஆபத்தான விளையாட்டுப் பொம்மையைத் திரும்பப் பெறச் செய்யும் அக்குழு, பழுதான துப்பாக்கி விடயத்தில் கைகட்டி நிற்கிறது.

இதன் விளைவுக்கு ஒரு வழக்கே சான்று. 1994 இல் கலிபோர்னியாவில், பிறைக்கோ நிறுவனத்தின் கைத்துப்பாக்கியிலிருந்து குண்டை அகற்ற ஓர் இளைஞன் முயன்றான். பாதுகாப்புத் தாழை விலக்காமல் குண்டை அகற்ற முடியாதவாறு அது அமைக்கப்பட்டிருந்தது. தாழை விலக்கினான், துப்பாக்கி வெடித்தது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் உடல் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. 2003 இல் யூரிமார் நிறுவனத்தையும் பொறுப்பாளியாகக் கண்டு, பல கோடி டொலர் நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளித்தனர். நிறுவனம் வங்குறோத்தானது. 2004 இல் அதன் சொத்துக்கள் ஏலத்துக்கு வந்தபோது, எஞ்சிய துப்பாக்கிகளை உருக்கிவிடும் நோக்குடன் சிறுவனின் தரப்பாரும் ஏலம் கேட்டனர். ஆனால், 5,10,000 டொலருக்கு அவற்றைப் பெற்றவர் பழைய தொழிற்சாலையின் மேற்பார்வையாளரே. புதிய பெயரில் உற்பத்தி தொடர்ந்தது. அந்நிறுவனமும் 2020 இல் வங்குறோத்து நிலையை அடைந்தது.

மலிவுத் துப்பாக்கி விற்போருள் ஆயுட்கால உத்தரவாதம் அளிப்போரும் உளர். பழுதைப் பணம் பெறாது திருத்தித் தருவது நேர்மையான செயலே. ஆயினும், நிறுவனம் மறைந்தால் அவ்வாயுளும் முடிந்துவிடும். அது நிலைத்திருக்கும்போதும் இரும்பைத் திருத்தலாமேயன்றி முள்ளந்தண்டைத் திருத்த இயலாது.

ஏழைக்கும் தற்காப்பு வேண்டாமா எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால், ஏழை வாங்கும் துப்பாக்கி பெரும்பாலும் ஏழையின் வீட்டிலேயே இருக்கும். அது தவறி வெடித்தால் முன்னால் நிற்பதும் அவன் பிள்ளையே. அமைப்பிலும் சோதனையிலும் மிச்சம் பிடித்த பணத்தை ஏழைக்குச் செய்த சலுகையென்று கூறுவது எவ்வகையில் நியாயம்?

சோதித்த பின் விற்பது இயலாத காரியமன்று. கீழே விழுந்தால் வெடிக்கிறதா எனப் பரிசோதித்த கைத்துப்பாக்கிகளையே விற்கவேண்டுமெனக் கலிபோர்னியா 1999 இல் சட்டம் இயற்றியது. உற்பத்தியாளனின் கடமை அங்கிருந்தே, பொருள் கடைக்கு வருமுன்பே, தொடங்கவேண்டும். உத்தரவாதப் பத்திரத்தில் பெயர் இல்லாதவனுக்கும் அவன் கடமைப்பட்டவனே.