அதுக்கென்னங்க மாஸ்டர்

கம்பு சுற்றப் பழகும் பிள்ளையை முதல் மாதத்தில் எதிராளி அடிப்பதில்லை. அதன் கையிலிருக்கும் கம்பே அடிக்கிறது. காதோரத்தில் ஒன்று, கணுக்காலில் ஒன்று. சுற்று வேகமெடுக்கும்போது பிடி நழுவி, கம்பு பறந்துபோய்ப் பக்கத்துப் பிள்ளையின் காலடியில் விழும். கண் கலங்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி எடுக்கும். பவானியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் சிலம்பம் பழகியவர்கள் எல்லோரும் இப்படி அடிபட்டு வந்தவர்கள்தான். புதிதாகச் சேர்ந்திருப்பது மைதானத்து ஓரத்தில் நிற்கும் செல்பேசி. கலங்கிய அந்தக் கண் அன்றிரவே சோகப் பாட்டோடு ரீல்ஸாகிவிடுகிறது. கீழே, 'அட்மிஷன் நடைபெறுகிறது'. பிள்ளையின் அழுகையைப் பள்ளியின் விளம்பரமாக்க ஆசானுக்கு உரிமை உண்டா?

ஆசானைத் திட்டுவது எளிது. மாலை வகுப்புக் கட்டணத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாமல் பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்த பிறகு, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக ஏறிய பிறகு, விசாரிக்கும் பெற்றோர் கூடியிருக்கிறார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது செல்பேசியை. அங்கே இல்லாத ஆசான் அவர்கள் கண்ணில் படுவதில்லை. காணொளி நன்மையும் செய்திருக்கிறது. கேரளத்து வடகரையில் களரி சொல்லித்தரும் மீனாட்சி அம்மாள் எழுபது வயதைக் கடந்த பிறகு சண்டையிட்டுக் காட்டிய காட்சி நாடெங்கும் பரவியது. 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் அது பல பத்தாண்டு பழகிய கை. காட்டியதும் அவருடைய சொந்தக் கலை.

பழகும் பிள்ளையின் கதை வேறு. 'படம் போட்டா உங்களுக்கு ஒண்ணுமில்லீங்களே?' என்று ஆசான் கேட்கிறார். 'அதுக்கென்னங்க மாஸ்டர், போட்டுக்குங்க' என்கிறார் அம்மா. வேறு என்ன சொல்வார்? காலைத் தொட்டு வணங்கித்தான் பிள்ளையைச் சேர்த்திருக்கிறார். மறுத்தால் நாளைக்கே பிள்ளை பின்வரிசைக்குப் போய்விடுமோ என்ற பயம் உள்ளே இருக்கும். மரியாதை மிகுந்த இடத்தில் வாங்கும் சம்மதத்தை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவர் எல்லோரையும் குழந்தை என்கிறது. பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்கச் சொல்கிறது. சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி அச்சடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் தாள் சரியாகிவிடும். அழுத பிள்ளையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கோயில் திருவிழாவில் பிள்ளைகள் ஊர் நடுவே கம்பு சுற்றவில்லையா என்று கேட்பார்கள். சுற்றினார்கள். ஆனால் ஊருக்குமுன் நிறுத்தப்பட்டது பழகித் தேறிய பிள்ளை. அது விழுந்ததும் அழுததும் பழகிய இடத்தோடு நின்றுவிட்டன. பார்த்தவர்களும் இன்னார் மகன், இன்னார் பேத்தி என்று அறிந்தவர்கள். பழகும் இடத்துக்கு மறைப்பு இருந்ததால்தான் பிள்ளை கூச்சமில்லாமல் தப்பு செய்தது. செல்பேசி நிற்கும் மைதானத்தில் அதே பிள்ளை தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, தெரிந்த சுற்றையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது; வராத சுற்றைத் தொடுவதில்லை.

கேமராவுக்கு வேகமான சுற்று பிடிக்கும். சிலம்பத்தின் உயிரான காலடிக்கு அங்கே மவுசு இல்லை. கராத்தேக்காரர்களின் '30 விநாடியில் தற்காப்பு' இன்னும் மோசம். கத்தியோடு வருபவன் ஒத்துழைத்துக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், சிறுமி மடக்குகிறாள். இதை நம்பி ஒரு பெண் உண்மையான கத்திக்கு முன் நின்றுவிட்டால் பொறுப்பேற்பது யார்? பகட்டு சரக்கை மிஞ்சினால் என்ன ஆகும் என்று பவானிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கைத்தறி ஜமக்காளத்தின் கோட்டையும் நிறத்தையும் சோலாப்பூர் விசைத்தறி மலிவாக நெய்து, பவானியின் பெயரிலேயே விற்றது. புவிசார் குறியீடு வாங்கியும் நெசவாளிக்குப் பழைய சந்தை திரும்பவில்லை.

தலையில் ஓடு உடைப்பது, கைவிரல்மேல் பைக் ஏற்றுவது என்று பிள்ளைகளை வைத்துப் படமெடுக்கும் 'சாதனை'களைப் பற்றிப் பேசும்போது கோவைக்காரர்களுக்கு 2018 ஜூலை நினைவுக்கு வரும். நகரையடுத்த ஒரு தனியார் கல்லூரியில், பேரிடர் மீட்புப் பயிற்சி என்று மாணவி ஒருவரை மாடி விளிம்பிலிருந்து கீழே பிடித்திருந்த வலையில் குதிக்கச் சொன்னார்கள். அவர் தயங்கியதும், பயிற்சியாளர் தள்ளியதும், கீழ்மாடி சன்ஷேடில் அவர் மோதியதும் படமாகியிருந்தன. அவர் இறந்துவிட்டார். படம் நாடு முழுக்க ஓடியது. படமெடுத்ததால் அந்தச் சாவு நேர்ந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பெண்ணின் தயக்கத்துக்கு மதிப்பில்லாமல் போனது. தலையில் ஓட்டை அடுக்கிக்கொண்டு, பத்து செல்பேசிகளுக்கு எதிரே நிற்கும் எட்டு வயதுப் பிள்ளையால் 'பயமாருக்குங்க மாஸ்டர்' என்று சொல்ல முடியுமா?

ஆசான் தன் சுற்றைக் காட்டட்டும். வளர்ந்த மாணவர்கள் விரும்பினால் அவர்கள் காட்டட்டும். போட்டியில் வென்ற பிள்ளை கோப்பையோடு சிரிப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. அழுகை, அடி, தண்டனை, தோல்வி நான்கும் மைதானத்தைத் தாண்டக் கூடாது. பெற்றோரே கேட்டாலும் கூடாது. வருமானம் கொஞ்சம் குறையலாம். குறையட்டும்.

பிரான்சில் 2020-இல் வந்த ஒரு சட்டம், தன் காணொளியை நீக்கச் சொல்லும் உரிமையைப் பெற்றோரின் அனுமதியில்லாமலே பிள்ளைக்குத் தந்திருக்கிறது. இங்கே அதற்குச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மற்ற பிள்ளைகள் போன பிறகு செல்பேசியைப் படத்திலிருக்கும் பிள்ளையின் கையில் கொடுத்து, 'இது போகட்டுமா கண்ணு?' என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். 'வேண்டாங்க மாஸ்டர்' என்று வந்தால் அங்கேயே அழித்துவிட வேண்டும். மறுநாள் மாலை அந்தப் பிள்ளை வழக்கமாக நிற்கும் வரிசையிலேயே நிற்க வேண்டும்.