பிளேடு இல்லாமல்

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு முதலில் செய்துவிடலாம் என்று சொல்லி, எங்களைப் பக்கத்து அறையில் இருந்த கவுன்சிலரிடம் அனுப்பினார்கள். அடையாறில் ஒரு தனியார் கண் மருத்துவமனை அது. மேசைமேல் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை, அதில் மூன்று பேக்கேஜ்கள். மூன்றாவதன் தலைப்பு, ‘பிளேடு இல்லாத லேசர் சிகிச்சை.’ அம்மா மற்ற இரண்டையும் படிக்கவே இல்லை.

“இதையே பண்ணிடலாம்.”

“ஏம்மா?”

“கண்ணுல கத்தி படாதாமேடி.”

ஆட்டோ மயிலாப்பூர் வந்து சேரும்வரை நான் பேசவில்லை. கூடுதலாகக் கேட்ட தொகை என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அது ஒரு காரணம். அந்தத் தலைப்பில் ஏதோ சரியில்லை என்று தோன்றியது இன்னொரு காரணம். அன்றிரவு உட்கார்ந்து படித்தேன்.

சாதாரணமாக இன்று செய்யும் புரை சிகிச்சை இப்படி நடக்கிறது. சொட்டு மருந்து போட்டுக் கண்ணை மரத்துப்போகச் செய்கிறார்கள். கருவிழியின் ஓரத்தில் ஒரு நுண்ணிய கத்தியால் சுமார் ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கவாசல் ஒன்றைத் திறக்கிறார்கள். பிறகு கெரடோம். ஈட்டி முனை மாதிரி இருக்கும் கத்தி. அது போடும் முக்கியமான கீறல் 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர், ஒரு பச்சரிசியின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி. அதன் வழியே உள்ளே போய், லென்ஸைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் வட்டமாக ஒரு திறப்பு. மங்கிப்போன லென்ஸை அல்ட்ராசவுண்டு முனையால் உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மடித்த செயற்கை லென்ஸை அதே கீறல் வழியாக உள்ளே அனுப்பினால் அது உள்ளே விரிந்துகொள்கிறது. பெரும்பாலும் தையல்கூடக் கிடையாது.

லேசர் இதில் சில வேலைகளை எடுத்துக்கொள்கிறது. உறையில் வட்டத் திறப்பை அது போடுகிறது, லென்ஸை முன்கூட்டியே துண்டாக்கிவிடுகிறது, விருப்பப்பட்டால் கருவிழிக் கீறலையும் போடும். ஆனால் அந்தக் கீறலை மட்டும் கத்தியால் கையிலேயே போடும் டாக்டர்கள் நிறைய. லேசரே போட்டாலும் கருவிகள் கண்ணுக்குள் போய்த்தான் ஆகவேண்டும். 2020இல் பிரான்சிலும் பிரிட்டனிலும் இருந்து வெளிவந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள், கையால் செய்வதைவிட இது மேலானது என்று காட்டவில்லை. செலவுதான் அதிகம்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். கண்ணாடியைத் தூக்கிப் போடுவதற்காக நம்மில் பலர் போகும் லாசிக்கில் இந்தச் சொல்லுக்கு அர்த்தம் உண்டு. முன்பு கருவிழியின் மேலடுக்கை இழைப்புளி போல ஓடும் ஒரு கத்திக் கருவியால் சீவினார்கள். இப்போது லேசர் அதைச் செய்யும்போது அந்த அடுக்கின் தடிமன் இன்னும் கணிக்கக்கூடியதாக இருக்கிறது. அங்கேயும் வெட்டு இருக்கத்தான் செய்கிறது. வெட்டுவது மட்டும் மாறியிருக்கிறது.

மறுநாள் காலை ஒரு வேலை செய்தேன். இன்றுவரை அதை நினைத்தால் கூசுகிறது. புரை சிகிச்சை வீடியோ ஒன்றைப் போனில் எடுத்து அம்மாவிடம் நீட்டினேன். “பாரும்மா, இவ்ளோதான் கத்தி. இதுக்கா பயப்படற?”

அம்மா நான்கு விநாடி பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “உனக்கு வேணும்னா நீ பாரு. எனக்கு எதுக்குடி காட்டற?”

என் பக்கம் உண்மை இருந்தது. கண் அவளுடையது. பயந்துபோன ஒருவரிடம் கத்தி என்ற சொல்லை மறைப்பது கருணையா, ஏமாற்றா? அதுவரை ஏமாற்று என்று நிச்சயமாக இருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தபிறகு, தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை என்று ஒன்றும் உண்டோ என்று சந்தேகம் வந்தது.

இந்தப் பயம் புதிதில்லை. சுசுருதர் காலத்து முறையில் ஊசியால் லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே பின்பக்கம் தள்ளிவிட்டார்கள். 1747இல் ஜாக் டேவியல் என்ற பிரெஞ்சு மருத்துவர் கருவிழியைத் திறந்து புரையை வெளியே எடுக்கும் வழியைத் தொடங்கினார். 1884 வரை கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்து கிடையாது. நோயாளி விழித்திருந்தார், கத்தி வருவதையும் பார்த்தார். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், அவர்களுடைய கண்களின் வண்ணப் படங்களோடு இன்றும் இருக்கின்றன. என்ன நோய், என்ன செய்தோம் என்று யாரோ பொறுப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தனை பயத்தைத் தாண்டியும் ஜனங்கள் கண்ணை நீட்டினார்கள் என்றால், எதை நம்பி?

மதுரை அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியை நினைத்துக்கொண்டேன். சென்னை ஸ்டான்லியில் படித்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து அவர் விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவத்தை விட்டுவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தார். தன் விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, அந்தக் கையாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார். 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கியபோது அவருக்கு 58 வயது. கோணிய விரல்கள் கத்தியைப் பிடித்திருப்பதைப் பார்த்தும் ஒருவர் படுத்துக்கொள்கிறார் என்றால், அவர் நம்பியது கத்தியை இல்லை.

குலசேகராழ்வார் பக்திக்கு உவமை தேடியபோது மருத்துவனின் வாளுக்குக் கீழே கிடக்கும் நோயாளியிடம்தான் போனார். அம்மாவுக்கு அந்தப் பாசுரம் மனப்பாடம். அவளிடம் அதை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீடியோ காட்டியதே போதும்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். நேரம் ஒதுக்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே கேட்டுவிட்டாள்: “டாக்டர், உண்மையைச் சொல்லுங்க. கத்தி உண்டா, இல்லையா?”

அவர் சிரிக்கவில்லை. “உண்டும்மா. லேசர்ல பண்ணாலும் கடைசில நான் ஒரு சின்ன கத்திய எடுப்பேன். ரொம்ப கூரா இருக்கும். கூரா இருந்தாத்தான் நல்லது.”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “அருவாமணை மழுங்கினா தக்காளி நசுங்கிடுமே, அது மாதிரியா?”

“அதேதான்.”

மழுங்கிய கத்திக்கு அழுத்தம் வேண்டும், அழுத்தினால் திசு கிழியும். அதனால்தான் எஃகுக் கத்திகளை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிறார்கள், அல்லது விலை கூடிய வைரக் கத்தியை வைத்துக்கொண்டு கண்ணாகக் காக்கிறார்கள். நான் ஒரு வாரம் படித்துத் தெரிந்துகொண்டதை அம்மா ஐம்பது வருஷச் சமையலில் தெரிந்து வைத்திருந்தாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, அவள் உண்மையில் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

“உங்க கை நடுங்காதே?”

“நடுங்காதும்மா. நடுங்குதுன்னு என்னிக்குத் தோணுதோ, அன்னிக்கு நிறுத்திடுவேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பயந்தது இரும்பைக் கண்டு இல்லை, அதைப் பிடித்திருக்கும் முகம் தெரியாத கையைக் கண்டு. அந்த அட்டை கத்தியை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி அதோடு சேர்த்துக் கையையும் மறைத்துவிட்டது. இயந்திரத்தை விற்கும்போது பிழைக்குப் பொறுப்பேற்கும் ஆள் அதில் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. நானும் சரியாக அதே தவறைத்தான் செய்திருக்கிறேன். வீடியோவில் கத்தியைக் காட்டினேன், ஆளைக் காட்டவில்லை. மறைத்த சொல்லும் அம்மாவுக்கு உதவவில்லை, என் அப்பட்டமான உண்மையும் உதவவில்லை. கத்தியைப் பிடிக்கப்போகிறவரே அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னபோது அதே உண்மையை அவளால் தாங்க முடிந்தது. உண்மையைச் சொல்லவேண்டுமா கூடாதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். யார் சொல்லவேண்டும் என்பதையும் கேட்டிருக்க வேண்டும்.

லேசரைத் தேர்ந்தெடுப்பவர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பயத்தைக் குறைக்கக் காசு கொடுப்பதும் மனித இயல்புதான். ஆனால் அந்தக் காசு எதற்காக என்று தெரிந்து கொடுக்கவேண்டும். பயத்துக்குக் கொடுத்ததைப் பாதுகாப்புக்குக் கொடுத்ததாக நினைக்கவைப்பதில்தான் தப்பு இருக்கிறது.

அம்மா இரண்டாவது பேக்கேஜை எடுத்துக்கொண்டாள். சிகிச்சை அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. அடுத்த மாதம் இடது கண்ணுக்காகப் போனோம். கவுன்சிலர் அதே அட்டையை எடுத்து நீட்டினார். அம்மா அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்:

“அதே டாக்டர்தானே?”