‘நெகட்டிவ்’ என்பது எந்த இல்லை?

‘இல்லை’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் இரண்டு வேலை பார்க்கிறோம். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு “பால் இல்லை” என்கிறோம். கதவைத் தட்டிப் பதில் வராததால் “வீட்டில் ஆள் இல்லை” என்றும் சொல்கிறோம். ரத்தப் பரிசோதனையில் வரும் ‘நெகட்டிவ்’ இதில் எந்த இல்லை?

ஹெபடைடிஸ் பி-க்கு வழக்கமாகச் செய்யும் சோதனை, வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடுகிறது. 1960களில் பரூக் பிளம்பர்க் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் கண்டது இதைத்தான். ஆனால் சிலரிடம் இந்தப் புரதம் சோதனையில் சிக்குவதில்லை. வைரஸின் டிஎன்ஏ மட்டும் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் ஒரு சிறு வளையமாகக் கிடக்கிறது. மறைந்திருக்கும் தொற்று என்பது இதுதான். எச்ஐவியும் ஹெபடைடிஸ் பி-யும் பரவும் வழிகள் ஏறத்தாழ ஒன்றே என்பதால், எச்ஐவியுடன் வாழ்பவர்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல.

மணிமேகலை அளவைகளைப் பட்டியலிடும்போது ‘அபாவம்’ என்ற ஒன்றையும் சேர்க்கிறது. இல்லாமையை அறிவதும் ஓர் அறிவுதான். மீமாம்சகர்கள் இதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பொருள் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வெளிச்சமான அறையில் பானை தெரியவில்லை என்றால் பானை இல்லை. இருட்டறையில் தெரியவில்லை என்றால் ஒன்றும் சொல்ல முடியாது.

ஒரு நாடே இந்த நிபந்தனையை மறந்திருந்ததுண்டு. 1986க்கு முன் இந்தியாவில் எச்ஐவி ‘இல்லை’. அந்த ஆண்டு சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா, சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்து வேலூருக்கு எடுத்துப் போனார். ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். அதுவரை யாரும் விளக்கைப் போடவில்லை, அவ்வளவுதான்.

சரி, மறைந்தே இருக்கிற வைரஸால் என்ன கெடுதல்? பெரும்பாலும் ஒன்றும் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. இந்தியாவில் எச்ஐவிக்கு இலவசமாகத் தரப்படும் முதல்நிலை மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் இருக்கின்றன. முதல் இரண்டும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்கும். தெரியாத நோய்க்கு, யாரும் திட்டமிடாமலே வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கப்பட்ட நிலைமை. எதற்கென்றே தெரியாத ஒரு வரி பழைய கோடில் இருக்கும். அதைத் தூக்கினாலும் டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். அடுத்த வாரம் சம்பந்தமே இல்லாத இன்னொரு இடத்தில் உடையும். டெனோஃபோவிர் அப்படி ஒரு வரி. சிறுநீரகப் பிரச்சினைக்காக அதை நிறுத்தலாம். அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் கபோடெக்ராவிர், ரில்பிவிரின் ஊசிக்கு மாறலாம். அந்த ஊசிக்கு ஹெபடைடிஸ் பி மீது பிடிமானம் கிடையாது. எல்லோருக்கும் ஆபத்து வராது. வருகிற சிலருக்குக் கல்லீரல் செயலிழக்கும் வரை போகலாம்.

இங்கேதான் அறக்கேள்வி. எச்ஐவி என்ற ஒரு பெயரைச் சுமப்பவரிடம் இன்னொரு வைரஸின் பெயரையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா? உறவுகளும் அக்கம்பக்கமும் எப்படிப் பார்க்கும் என்பதற்காகவே மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிதல் இலவசமாக வருவதில்லை. டிஎன்ஏ சோதனையும் மலிவானதல்ல. எல்லோரையும் துருவிப் பார்ப்பதே அறம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் அறியாமை தீங்கற்றதாக இருப்பது எதையும் மாற்றாதவரைதான். மாத்திரையை மாற்ற ஒருவர் பேனாவை எடுக்கும் கணத்தில், தேடிப் பார்க்கும் கடமையும் அவர் கைக்கு வந்துவிடுகிறது. “ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்றுதானே இருந்தது” என்பது பிறகு சமாதானம் ஆகாது. உட்கருப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று ஓர் எளிய ரத்தச் சோதனையில் பார்க்கலாம். அது பாசிட்டிவ் என்றாலே வைரஸ் இருக்கிறது என்று அர்த்தமில்லை. வைரஸ் ஒருகாலத்தில் வந்துபோன தடயம். அதை வைத்து மேலே என்ன செய்வதென்று யோசிக்கலாம், மாற்றிய பின் கல்லீரலைக் கண்காணிக்கலாம்.

நோயாளிக்கும் இதில் ஒரு கேள்விக்கு உரிமை உண்டு. “எனக்கு என்ன இருக்கிறது?” என்பது பெரிய, பயமுறுத்தும் கேள்வி. “இந்த மாத்திரை எனக்கு வேறென்னவெல்லாம் செய்துகொண்டிருந்தது?” என்பது சின்னக் கேள்வி. மருந்து மாற்றுகிற அன்று அதைக் கேட்டால் போதும்.