ஒரு வேளைச் சாப்பாட்டின் கிரயம்

கிளமெண்டியில் நமது மளிகைக் கடைக்கு எதிரேயுள்ள காப்பிக்கடையில், நாகூர்ப் பக்கத்து நானா ஒருவர் பரோட்டாக் கடை நடத்தி வந்தார். காலையில் கடையைத் திறந்து பையனிடம் ஒப்படைத்துவிட்டு அங்கே போய் இரண்டு பரோட்டாவும் ஒரு தேநீரும் சாப்பிடுவது நமக்குப் பதினெட்டு ஆண்டுப் பழக்கம். நாம் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை, தட்டு வந்துவிடும். ஆணம் தனிக் கிண்ணத்தில் வரும். பரோட்டாவின் மீது ஊற்றினால் நமக்குப் பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு ஒரு நாள் அவர் பரோட்டா ஒன்றுக்கு 20 காசு ஏற்றி, 1 வெள்ளி 40 காசு ஆக்கினார். மாவும் நெய்யும் ஏறிவிட்டதை நம்மைவிட அறிந்தவர் யார்? அந்த மாவு நம் கடையிலிருந்து போனதுதான். அதன் விலையை ஏற்றியவர்களும் நாமேதான். அப்படியிருந்தும் அன்று மேசையில் முதலில் முணுமுணுத்தது நாம்தான் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம். "என்ன நானா, நம்மகிட்டயுமா?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டுக் கல்லைத் துடைத்தார்.

அதே வாரத்தில் சென்னையிலிருந்து வந்த மொத்த வியாபாரி ஒருவரை நகரத்து உணவகம் ஒன்றிற்கு அழைத்துப் போனோம். சாப்பிட்டது சரியாக 100 வெள்ளிக்கு. அதன்மேல் சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து. இரண்டும் சேர்ந்த தொகையின்மேல் 2024 முதல் நடப்பிலுள்ள நூற்றுக்கு ஒன்பது வரி. ஆக 119 வெள்ளி 90 காசு. பரிமாறியவருக்கு நம் முகம் தெரியாது, நமக்கும் அவர் பெயர் தெரியாது. 20 காசுக்கு வாய் திறந்த நாம் 19 வெள்ளி 90 காசுக்கு வாய் திறக்கவில்லை!

இது நம் ஒருவரின் குறை மட்டுமா, அல்லது சாப்பிடுகிறவர்கள் எல்லோருடைய குறையுமா என்று அன்றிலிருந்து யோசித்து வருகிறோம். சகோதரர்களும் சற்றே யோசிப்பார்களாக.

நாம் எந்தச் சாப்பாட்டையும் அதன் மதிப்போடு வைத்துப் பார்ப்பதில்லை. நேற்றைய விலையோடுதான் வைத்துப் பார்க்கிறோம். தெருவில் விற்று வந்த உணவுக்காரர்களை இந்நாட்டு அரசாங்கம் 1971 முதல் 1986 வரை படிப்படியாக அங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவந்து, தண்ணீர்க் குழாயும் கூரையும் கொடுத்தது. கூரை வந்தது, சுத்தம் வந்தது. ஆனால் தெருவோரச் சாப்பாடு என்றால் மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஜனங்களின் மனத்தில் தெருவிலேயே நின்றுவிட்டது. 2016ல் சைனாடவுனில் இரண்டு வெள்ளிச் சொச்சத்துக்குக் கோழிச் சோறு விற்ற சீனர் ஒருவரின் கடைக்கு மிச்செலின் நட்சத்திரம் கிடைத்தது. மறுநாள் அந்தக் கோழியின் ருசி மாறியிருக்குமா? ருசி அதேதான், வரிசைதான் நீண்டது. 2020ல் யுனெஸ்கோ நமது அங்காடி உணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சிதான். அந்தப் பெருமையைப் பேசிக்கொண்டே மீ கோரெங்குக்கு 50 காசு கூடியதற்குச் சண்டை பிடித்தவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம்.

பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் தமையனார் மகனிடம் இதைச் சொன்னோம். அவன் ஒரு விளக்கம் சொன்னான். 1844ல் டூப்புயி என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளரும், 1890ல் மார்ஷல் என்னும் ஆங்கில அறிஞரும் எழுதியதாம். ஒரு பொருள் இல்லாமல் போவதைவிட இவ்வளவு கொடுத்தாலும் பரவாயில்லை என்று நாம் நினைக்கும் உச்சத் தொகை ஒன்று உண்டு. அதிலிருந்து நாம் உண்மையில் கொடுத்த விலையைக் கழித்தால் மிஞ்சுவது வாங்கியவனுடைய ஆதாயம். நானாவின் பரோட்டா கிடைக்காமல் போகும் என்றால் நாம் 10 வெள்ளிகூடக் கொடுப்போம். தேநீரோடு கொடுத்ததோ 4 வெள்ளி 20 காசு. மிச்சமெல்லாம் தினமும் நம் பையில் விழுந்தது. இப்படிப்பட்ட மிச்சத்தை நம் உம்மாமார் பரக்கத் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், அது கிடக்கட்டும்.

இந்தக் கணக்கில் நமக்கு ஒரு பெரிய சந்தேகம். கட்டட வேலை செய்யும் நம்மூர்த் தம்பிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் சூடான சோற்றுக்கு முன் உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். வாரமெல்லாம் இருட்டில் கட்டிய பொட்டலத்தை மதியத்தில் ஆறிப்போய்ச் சாப்பிட்டவர்கள். அந்தச் சோற்றுக்கு அவர்களால் 7 வெள்ளிக்கு மேல் கொடுக்க முடியாது. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். பக்கத்து மேசையில் பசியில்லாமல் உட்கார்ந்திருக்கும் முதலாளி 50 வெள்ளி கொடுப்பார். அப்படியானால் சோறு முதலாளிக்குத்தான் அதிக மதிப்புள்ளதா? காசை அளவுகோலாக வைத்தால் அப்படித்தான் வரும். வயிற்றை வைத்தால் வராது.

தமிழ்நாட்டில் 2013ல் அம்மா உணவகம் திறந்து இட்லி ஒன்றை ஒரு ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அந்த இட்லியின் மதிப்பு ஒரு ரூபாய்தான் என்று அதைச் சாப்பிட்டுவிட்டு மூட்டை தூக்கப் போனவர் சொல்வாரா? பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு விலையே இல்லை. அங்கே லட்சாதிபதியும் பாத்திரத்தோடு நிற்கிறார்.

மதிப்புக்கேற்ப விலை வாங்குவது என்று வியாபாரி புறப்பட்டால் அது பசியைப் பார்த்து விலை சொல்வதாகிவிடும். மதரஸாவில் ஓதிய காலத்தில் உஸ்தாது சொன்ன மஸ்அலா நினைவுக்கு வருகிறது. பட்டினியால் உயிருக்குத் தவிப்பவன் முன்னே உணவு வைத்திருப்பவன், தனக்கு அந்த நெருக்கடி இல்லையென்றால், அதைக் கொடுத்தே ஆக வேண்டும். விலை கேட்கலாம், ஆனால் ஊரில் வழக்கமாக உள்ள விலைதான். அவன் தவிப்புக்குத் தனி விலை கிடையாது. அன்று மனப்பாடம் செய்தோம். கடை வைத்த பிறகுதான் பொருள் விளங்கியது.

சரி, விலையைச் சாப்பிடுகிறவரின் மனத்துக்கே விட்டுவிட்டால் என்ன? இந்நகரில் அன்னலட்சுமி என்னும் சைவ உணவகம் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. விரும்பியதைச் சாப்பிடுங்கள், மனத்தில் பட்டதைக் கொடுங்கள் என்பது அவர்கள் முறை. தொண்டர்கள் உழைப்பில் நடப்பது. நல்ல காரியம். ஆனால் நம் சட்டப்படி விலை தெரியாத விற்பனை விற்பனையாகாது. அதை விருந்தென்றும் அன்பளிப்பென்றும்தான் சொல்ல வேண்டும். அதுவுமன்றி, அங்கே நாம் போனால் மனத்தைக் கேட்டா கொடுப்போம்? பக்கத்து மேசைக்காரர் என்ன வைத்தார் என்று கடைக்கண்ணால் பார்த்துத்தானே கொடுப்போம்! வாடகை கட்டும் பரோட்டாக் கடைக்காரருக்கு இது ஒத்துவராது.

ஆகவே நமது தீர்மானம் இது: விற்பவருக்கு நியாயமான விலைக்கு மேல் உரிமையில்லை, வாங்குபவருக்கு அதற்குக் கீழே பேரம் பேசவும் உரிமையில்லை. தினமும் பெற்ற ஆதாயத்தை நினைத்தாவது அந்த 20 காசுக்கு நாம் பேசாதிருந்திருக்க வேண்டும்.

நிற்க. நானாவுக்கு முழங்கால் வலி முற்றிவிட்டது. மக்கள் இருவரும் ஆபீஸ் உத்தியோகம். கல்லடியில் நிற்க ஆளில்லை. நான்கு மாதங்களுக்கு முன் கடையை விட்டுவிட்டார். கடைசி நாள் நாம் 50 வெள்ளித் தாளை நீட்டி, "மிச்சத்தை வச்சுக்குங்க நானா" என்றோம்.

"தம்பி, வித்த சரக்குக்குத்தான் காசு. மிச்சத்தை எந்தக் கணக்குல எழுதுறது?" என்று சொல்லி, 45 வெள்ளி 80 காசை எண்ணி நம் கையில் வைத்தார்.

அந்த இடத்தில் இப்போது வேறொருவர் பரோட்டா போடுகிறார். விலையும் அதேதான். பரிமாறும் பையன் நல்ல பிள்ளை. ஆணத்தைப் பரோட்டாவின் மீது ஊற்றிக் கொண்டுவந்து வைக்கிறான். நாம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.