கணக்கில் வராத கன்று

உங்கள் வீட்டு நெய் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். சதுரத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். சைவம்! பார்த்ததும் மனசுக்கு ஒரு நிம்மதி. அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற சட்டத்தில் ஒரு சின்ன சங்கதி உண்டு. விலங்கிலிருந்து வருவது அசைவம் என்று சொல்லிவிட்டு, பால், தேன் மாதிரி சிலது மட்டும் நீங்கலாக என்கிறது. அந்த 'நீங்கலாக'வைப் பற்றித்தான் இந்த வாரம். கையில் இருக்கிற காபியை முதலில் குடித்து முடித்துவிடுங்கள்.

பசு சும்மா பால் கொடுக்காது. கன்று போட்டால்தான் மடி சுரக்கும். போடுகிற கன்றில் ஏறக்குறைய பாதி காளைக்கன்று. முன்பெல்லாம் ஏருக்கும் வண்டிக்கும் ஆச்சு. டிராக்டர் வந்ததும் அந்த வேலை போயிற்று. சினை ஊசி வந்ததும் மிச்சமிருந்த வேலையும் போயிற்று. பிறந்த அன்றிலிருந்தே அது செலவு.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் இரண்டு பக்கமும் 'டாலி' ஆகிறதா என்றுதான் கண் போகும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியாவில் பசு இனத்தில் பெண் சுமார் 14.5 கோடி, ஆண் 4.7 கோடி. எருமையில் பெண் 10 கோடி, ஆண் 1 கோடிகூட இல்லை. மீதி எங்கே சார்?

சிலதுக்குத் தாய்ப்பாலே போதிய அளவு கிடைக்காமல் மெலிந்து செத்தன. சில சந்தைக்குப் போய் அடிமாடாக லாரி ஏறின. சிலதைத் தெருவில் அவிழ்த்துவிட்டார்கள். தெருமாடுகள் மட்டுமே 50 லட்சம் என்கிறது அதே கணக்கெடுப்பு. கன்று செத்ததும் அதன் தோலில் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்திப் பால் கறந்ததைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. சைக்கிள் கேரியரில் அந்த வைக்கோல் கன்று போனதை நம்மில் பலர் வேடிக்கை பார்த்தோம்.

'நாங்களா கொன்றோம்? விற்றவன் பாவம்!' என்பீர்கள். வள்ளுவர் விடமாட்டார். புலால் மறுத்தலில் அவர் வாங்குகிறவரையும் சேர்த்துத்தான் பொறுப்பாளி ஆக்குகிறார். கறி சாப்பிடுகிறவரைப் பார்த்து நாம் எடுத்துவிடுகிற வாதமே அதுதான். பாலுக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்? ஒரே உற்பத்தியில் இரண்டு சரக்கு வந்தால், ஒன்றை எடுத்துக்கொண்டு 'மற்றது என் கணக்கில்லை' என்று எழுத எந்த ஆடிட்டரும் சம்மதிக்கமாட்டார்.

விவசாயியைத் திட்டுவது சுலபம். லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏறினால் ஊரே கூடிப் புலம்புகிறோம். அந்த விலையில் அவர் காளைக்கன்றுக்கு ஆயுசுக்கும் தீனி போடவேண்டும் என்றும் எதிர்பார்க்கிறோம். எந்த ஊர் நியாயம் இது?

இப்போது விந்தணுக்களைப் பிரித்தெடுத்து நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரியாகவே பிறக்கவைக்கிற ஊசி வந்திருக்கிறது. அரசாங்கமே மானியம் தருகிறது. பிறந்து பட்டினி கிடப்பதைவிட, பிறக்காமலே இருப்பது மேல் என்றுதான் எனக்குப் படுகிறது. கருணை என்று அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. சரக்கு இருப்பைக் கட்டுப்படுத்துகிற வேலை அது. பால் வற்றிப்போன பசுவுக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பாலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக 2022-இல் தனி முத்திரையே வந்துவிட்டது. என் கோரிக்கை ரொம்பச் சின்னது. வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம், 'நீங்க நான்வெஜ்ஜா?' என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறீர்களே, அதைப் பற்றி. மீன் வாசனை ஆகாது என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார். 'எங்க வீட்ல உயிரைக் கொல்ற பழக்கமில்லீங்க' என்று மட்டும் அவருக்குக் காபி கொடுத்துக்கொண்டே சொல்லாதீர்கள்.