மௌனம் சம்மதமா?

‘மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி’ என்று நம் இல்லங்களில் கூறுவதுண்டு. பெண் பார்க்கும் வேளைகளில் இச்சொல் பெரியோர்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது! சம்மதம் என்றால் ஒத்த கருத்து. தமிழில் இசைவு என்போம். இரு சுருதிகள் ஒத்து ஒலிப்பதே இசைவு. ஒன்று ஒலிக்க, மற்றொன்று அடங்கிக் கிடப்பது இசைவாகாது.

மும்பையை அடுத்த கல்யாணில் 1865-இல் பிறந்த யமுனாவுக்கு 9 வயதில் திருமணம் நடந்தது. மணமகன் கோபால்ராவ் ஜோஷி ஏறத்தாழ 20 வயது மூத்தவர். அந்த வயதில் ஒரு குழந்தையின் மௌனத்திற்கு என்ன பொருள்? ஆனந்தி என்று புதுப்பெயர் பெற்ற அவர் 14-ஆம் வயதில் ஈன்ற மகவு பத்தே நாட்களில் இறந்தது. மருத்துவம் கற்கும் உறுதி அத்துயரில் வேர்கொண்டது. அவரது கல்விக்குக் கணவர் காட்டிய பிடிவாதம் பெரிது. ஆயினும் 1883-இல் வங்காளத்து ஸ்ரீராம்பூரில், தாம் அமெரிக்கா செல்வது ஏன் என்று சபையோர் முன் விளக்கியது ஆனந்தியின் குரலே. 1886-இல் ஃபிலடெல்ஃபியாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, 21 வயதில் மறைந்தார். சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டம் 1891-இல்தான் வந்தது, அதுவும் கடும் எதிர்ப்புக்கிடையே.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் போரிட மறுத்து மௌனமாகிறான். பகவான் அம்மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளவில்லை. அனைத்தையும் உபதேசித்த பிறகும், நன்கு ஆராய்ந்து விரும்பியவாறு செய்யுமாறு முடிவை அவனிடமே விடுகிறார். அர்ஜுனன் தன் வாயால் இசைவு கூறுகிறான். போர் அதன் பிறகே தொடங்குகிறது.